குள்ளர் வூட்டுக்கு வழி

ஈப்போவில் என் லாரியைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. நீலத் தலை, மஞ்சள் பெட்டி, முன்கண்ணாடிக்கு மேலே என் பெயர். சுண்ணாம்பு மலையை உடைத்து எடுக்கிற கல்லில் பாதி என் வண்டிகளில்தான் போகிறது. படிப்பு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. அதற்கு மேல் படித்திருந்தால் இன்றைக்கு யாருடைய ஆபீஸிலாவது கைகட்டி நின்றிருப்பேன். எதையும் கேட்டுக் கேட்டே தெரிந்துகொண்ட மனிதன் நான். இந்தப் பயணத்திலும் வழியை அப்படித்தான் கண்டுபிடித்தேன். வழி சொன்னவர்களுக்கு நன்றி சொல்ல வேறு வகை தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் கூட்டாளி சீனர். வருஷா வருஷம் ஏப்ரல் மாதத்தில் அவர் குடும்பத்தோடு மலைச்சரிவுக்குப் போய் முன்னோர்களின் சமாதிகளில் புல் வெட்டி, படையல் வைத்து, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார். சீனர் சமாதி சாய்வு நாற்காலி மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் கை வைத்துக்கொள்ள வளைவு. இந்த வருஷம் போய்விட்டு வந்தவர் மலாயில் என்னைக் கேட்டார்: "நீ உன் தாத்தா சமாதிக்கு எப்போது போவாய்?"

எங்கே இருக்கிறது என்றே தெரியாது என்றேன்.

"இத்தனை லாரி ஓட்டுகிறாய், இது தெரியாதா?" என்றார். கேலிக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

அதே மாதம் மெட்ராஸில் ஒரு நண்பர் மகளுக்குக் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் கும்பிடு போட்டுவிட்டு அரியலூருக்கு ரயில் ஏறினேன்.

என்னிடம் இருந்த விலாசத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா பெயர் சடையன். கங்காணியோடு கப்பலேறி மலாயா வந்தவர். ஜப்பான்காரன் காலத்தில், எனக்கு மீசை அரும்புகிற வயதில், காய்ச்சலில் போய்விட்டார். ஊர் எது என்று கேட்டால் அரியலூர் என்பார். ஊருக்கு வெளியே குள்ளர் வூடு இருக்கிறது என்பார். "நாலு பக்கமும் ஒரே பலகைக் கல்லு, மேல மூடி ஒரே கல்லு. முன்னால வட்டமா ஒரு ஓட்டை. ஊர்ந்துதான் உள்ள போவணும். மழை வந்தா நானும் தங்கச்சி பூவாயியும் ஆட்டையும் இழுத்துக்கிட்டு அதுக்குள்ள பூந்துக்குவோம்." அவ்வளவுதான். கடைசியாகக் கண்ணை மூடுமுன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்ல எறக்கிடுடா" என்று இரண்டு தடவை சொன்னார். அப்போது அவருக்கு மலையில் கல் சுமக்கிற வேலை. காய்ச்சலிலும் கூடை தலையில் இருப்பதாக நினைக்கிறார் என்று எல்லோரும் அழுதார்கள். அம்மா அவர் நெற்றியைத் தடவி, "எறக்கியாச்சு, எறக்கியாச்சு" என்றாள்.

ஊர் ஒன்று, கல்வீடு ஒன்று, ஒரு தங்கச்சியின் பெயர். பூவாயி அத்தை உயிரோடு இருந்தால் எழுபதை ஒட்டியிருப்பார். அவரைக் கண்டுபிடிக்காமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். நான் முடிவு செய்தால் செய்ததுதான், என் டிரைவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அரியலூரில் இறங்கியதும் வெயில் கன்னத்தில் அறைந்தது. ஈப்போவிலும் வெயில்தான். ஆனால் அங்கே சாயங்காலம் ஒரு மழை வந்து சமாதானம் சொல்லிவிட்டுப் போகும். இங்கே அப்படி யாரும் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கீற்றுப் போட்ட ஒரு இட்லிக் கடை. நடத்துகிற அம்மாள் ராசாத்தி. நான் போய், "பசியாறலாமா?" என்றேன். மலேசியாவில் காலை நாஸ்தாவுக்கு அதுதான் பேச்சு.

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "பசியாத்துறதுக்குத்தானே அண்ணே கடையே வெச்சிருக்கேன், உக்காருங்க" என்றார் ராசாத்தி. "பாத்தா மவராசனாட்டம் இருக்கீங்க, பேசுறது பரதேசியாட்டம் இருக்கே!"

இலையில் ஆறு இட்லி வைத்து, மேலே சாம்பாரைக் கொட்டி, கெட்டிச் சட்னி ஒரு பக்கம், மிளகாய்ப்பொடி ஒரு பக்கம். சொல்லக்கூடாது, என் மனைவி இட்லியும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ராசாத்தி இட்லியைக் கையில் எடுத்தால் கையில் இருப்பதே தெரியவில்லை.

குள்ளர் வூடு எங்கே என்று கேட்டேன். கடை இரண்டாகப் பிரிந்தது. கோட்டைப் பக்கம் என்றார் ஒருவர். அது சர்க்கஸ்காரன் கொட்டாயாக இருக்கும் என்றார் இன்னொருவர். சிமெண்டு ஆலைக்குக் கல் எடுக்கிற குழியில் ஏதோ அகப்பட்டது, போய்ப் பாருங்கள் என்றார் மூன்றாமவர். வாடகைக் காரில் போனேன். அங்கே வேலை செய்கிறவர் ஒருவர் என் கையில் ஒரு கல்லை வைத்தார். கல்லுக்குள் சிப்பி, சுருள் சுருளாக. ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம். நான் கல்லைத் தட்டிப் பார்த்தேன். சுண்ணாம்புக் கல். எங்கள் ஈப்போ மலையும் இதே சாதிதான். இத்தனை மைல் கடல் தாண்டி வந்து என் சொந்தக்காரக் கல்லைப் பார்த்துவிட்டேன், சொந்தக்கார மனிதரைக் காணோம் என்று சிரித்துக்கொண்டேன். அப்போதே மூளை வேலை செய்திருக்க வேண்டும். அதற்கு முழுசாக இரண்டு நாள் ஆயிற்று.

மறுநாள் ஆண்டிமடம். அங்கே ஒரு முந்திரித் தோப்பில் கிணறு வெட்டும்போது குள்ளர் சாமான் வந்தது என்று பஸ்ஸில் ஒருவர் சத்தியம் செய்தார். செம்மண் பூமி. கண்ணுக்கு எட்டினவரை முந்திரி. தோப்புக்காரர் நல்ல மனிதர், முதலில் முந்திரிப் பழத்தைக் கையில் கொடுத்தார். இனிப்பு, ஆனால் தொண்டை காறுகிறது. பிறகு தோப்பு ஓரத்தில் மண்ணில் பாதி புதைந்திருந்த ஒரு தாழியைக் காட்டினார். ஆள் உட்காரலாம், அத்தனை பெரிசு.

"அந்தக் காலத்துல மனுசனுக்குச் சாவே கெடையாதுங்க" என்றார். "வயசாவ வயசாவ சுருங்கிச் சுருங்கிக் கொழந்தையாட்டம் ஆயிடுவானாம். வூட்டுல வெச்சிக் காப்பாத்த முடியாம இந்தத் தாழியில உக்கார வெச்சி, சோறு தண்ணி, வெளக்கு எல்லாம் வெச்சி மண்ணுக்குள்ள எறக்கிடுவாங்களாம். அதான் முதுமக்கள் தாழி."

"இதைக் குள்ளர் வூடுன்னு சொல்லுவீங்களா?"

"உங்களுக்கு அப்பிடிச் சொல்லணும்னா சொல்லிக்குங்க."

என் மனம் நோகக்கூடாது என்று அவர் சொன்னது. ஆனால் தாழியில் பலகைக் கல்லும் இல்லை, வட்டமான வாசலும் இல்லை. ஆட்டையும் இழுத்துக்கொண்டு அண்ணனும் தங்கச்சியும் அதற்குள் புக முடியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. என் மடியில் ஒரு மூட்டை முந்திரிக்கொட்டை உட்கார்ந்து வந்தது. யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை.

மூன்றாம் நாள் கல்லங்குறிச்சியில் பெருமாள் கோயில் திருவிழாக் கூட்டம். எல்லாத் திசையிலிருந்தும் சனம் வந்திருக்கும், ஒரே இடத்தில் உட்கார்ந்து எல்லா ஊரையும் கேட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மூளையுள்ளவன் அப்படித்தான் செய்வான். உள்ளே போனால் சாமியே ஒரு நெடிய கல் கம்பம். கும்பிட்டுவிட்டு, பந்தலில் பானகம் ஊற்றுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். வருகிறவர்களை எல்லாம் கேட்டேன். ஒருவர் பாண்டவர் குழி என்று கேள்விப்பட்டிருக்கிறேன் என்றார். இன்னொரு அம்மாள், "குள்ளரு யாரு, உங்க சொந்தமா?" என்று என் உயரத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார். நான் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவு பேர் முன்னால் கேட்டிருக்க வேண்டாம்.

அன்று சாயங்காலம் ராசாத்தி கடையில் தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தேன். காசைக் கொடுத்தால் வாங்க முடியாத பொருள் உலகத்தில் இருப்பது சில சமயம் மறந்துபோகிறது. ராசாத்தி தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டார்: "உங்கப்பா அரியலூர்ன்னா சொன்னாரு? அரியலூர் பக்கம்னு சொன்னாரா?"

"அரியலூர்ன்னுதான் சொல்வாரு."

"மலேயாவுல யாராச்சும் எப்பிடி வந்தேன்னு கேட்டா, அரியலூர்ல ரயிலேறுனேம்பாரு. அதுவே ஊராயிருக்கும். பெரம்பலூர்ப் பக்கம் ரயிலு கெடையாதுண்ணே. அந்தச் சனம் பூரா நடந்தும் வண்டி கட்டியும் இங்க வந்துதான் ரயிலேறும். எங்க ஊட்டுக்காரரு தம்பி பம்பாயில இருக்கான். ஊரு எதுன்னா அரியலூருங்கறான். அவன் ஊரு பெரம்பலூரத் தாண்டி மலை ஓரத்துல கெடக்கு!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. வாழ்நாள் முழுக்கக் கல்லோடு புரண்டவன் நான். சுண்ணாம்புக் கல் பலகையாகப் பிளந்து வராது, செம்மண்ணில் பாறையே கிடையாது. அப்பா சொன்ன வீட்டுக்குக் கருங்கல் வேண்டும். கருங்கல்லுக்கு மலை வேண்டும். இதைக் கல் பார்த்துச் சொல்ல வேண்டிய நான் சொல்லாமல், தோசை திருப்புகிற அம்மாள் ரயிலை வைத்துச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு ஒரு முட்டை தோசையும் போட்டார். கேட்காமலே.

மறுநாள் காலை பெரம்பலூர் போய், அங்கிருந்து மலையடிவாரத்துக்குப் போகிற பஸ் பிடித்தேன். சிவப்பாக இருந்த மண் போய், வழியெல்லாம் கரும்பாறை தலை நீட்ட ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து பஸ் இருமி இருமி நின்றுவிட்டது.

டிரைவர் பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பார்த்தால் வண்டி ஓடுமா? கண்டக்டர் எல்லோரையும் புளியமர நிழலுக்கு இறங்கச் சொன்னார். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனேன்.

"ஐயா, ஓரமா நில்லுங்க, கை அழுக்காயிடும்" என்றார் டிரைவர்.

"டீசல் பைப்புல காத்துப் பூந்திருக்கு. ஸ்பானர் குடுப்பா."

பில்டர் மேல் உள்ள திருகைத் தளர்த்தி, கைப் பம்பை அடிக்க அடிக்க நுரை நுரையாக வந்தது. நுரை நின்று டீசல் சுத்தமாக வந்ததும் திருகை இறுக்கினேன். "இப்ப போடு." வண்டி ஒரே உறுமலில் எழுந்தது. புளியமரத்தடியில் எல்லோரும் கைதட்டினார்கள். கல்யாணத்துக்கென்று தைத்த என் வெள்ளைக் கால்சட்டை பாழ். போகட்டும், எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. என்னை வண்டிக்கு முன் சீட்டில் ராஜா மாதிரி உட்கார வைத்தார்கள்.

பக்கத்தில் இருந்தவர் அந்தப் பக்கத்து ஹைஸ்கூலில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். எங்கே போகிறீர்கள் என்றார். சொன்னேன்.

"குள்ளர் வூடுன்னா சொன்னாரு? நல்லா ஞாபகம் இருக்குங்களா?"

"என் பேரு மறந்தாலும் அது மறக்காதுங்க."

"அப்பக் கவலைய விடுங்க. இந்த மலை ஓரமா நாலஞ்சு ஊர்ல அந்த மாதிரிக் கல்லு இருக்கு. ஒரு ஊர்ல பாண்டவர் குழிம்பாங்க, வனவாசத்துல பாண்டவர் தங்குன எடமாம். இன்னொரு ஊர்ல வாலியர் வூடும்பாங்க. குள்ளர் வூடுன்னு சொல்ற ஊரு எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான்."

பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன். "ஓட்டை ஒரு முழம் அகலம். உள்ள நிமிந்து நிக்க முடியாது. வூடுன்னு நெனச்சுப் பாக்கறவனுக்கு, இதுல குடியிருந்தவன் குள்ளனாத்தான் இருக்கணும்னு தோணும். அதான் பேரு. ஆனா அது வூடே இல்லீங்க. ரொம்ப ரொம்பப் பழைய சமாதி. செத்தவங்கள வெளியில போட்டு, அப்பறம் எலும்ப மட்டும் பொறுக்கிக் கொண்டாந்து, பானையில இட்டு உள்ள வெச்சு மூடுவாங்க."

என் சீனக் கூட்டாளி நினைவுக்கு வந்தார். "அப்ப எங்கப்பா மழைக்கு ஒதுங்குனது சமாதிக்குள்ளயா?"

"அதுல என்ன தப்பு?" என்றார் வாத்தியார். "ஒழுகாது."

நிறுத்தமே இல்லாத இடத்தில் டிரைவர் எனக்காக வண்டியை நிறுத்தி, வரப்பைக் கைகாட்டினார். அவர் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

கருவேலங்காட்டைத் தாண்டியதும் பார்த்துவிட்டேன். அப்பா சொன்னது அப்படியே. நாலு பக்கமும் பலகைக் கல், மேலே ஒரே மூடி, முன்னால் வட்ட ஓட்டை. சுற்றிலும் உருண்டைக் கற்கள் வட்டமாக. மூடிக்கல் என் லாரிப் பெட்டி அகலம் இருக்கும். கிரேன் இல்லாமல் இதை எவன் தூக்கினான்? தூக்கினவன் குள்ளன் என்றால் குள்ளனாக இருப்பதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

மூடிக்கல் மேலே சின்னக் கற்கள் வரிசையாக இருந்தன. தேங்காய் அளவில் சில, கூழாங்கல் சில. ஒன்றில் வெள்ளைப் பெயிண்டால் துபாய் என்று எழுதியிருந்தது. ஓரத்தில் பாசி பிடித்துக் கறுத்த ஒரு கல். என்ன சாதிக் கல் என்று பார்க்க அதை எடுக்கப் போனேன்.

"ஏய்! கைய எடுறா!"

ஒரு கிழவி. கையில் தொரட்டி. பின்னால் நாலைந்து ஆடு.

"எவன் வூட்டுக் கல்ல எவன் தொடுறது? ரோட்டுக் கண்ட்ராக்டரு ஆளா நீ? போன தடவ சம்மட்டியோட வந்தவன் எப்பிடி ஓடுனான்னு அவனப் போயிக் கேளு. இது மேல ஏறி உக்காந்தேன், மூணு நாளு எறங்கல!"

"நான் கண்ட்ராக்டர் இல்லம்மா. மலேயாவுலேர்ந்து வர்றேன். இந்த ஊர்ல பூவாயின்னு ஒருத்தவங்க..."

"எந்தப் பூவாயி? நாலு பூவாயி இருந்தாளுவ. ரெண்டு பேரு போயிட்டாளுவ."

"சடையன் தங்கச்சி பூவாயி."

தொரட்டியை மெல்லக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் வந்த வரப்பைப் பார்த்தார், எனக்குப் பின்னால் யாரோ வருவது போல.

"அண்ணன் எங்க?"

நான் வாய் மூடாத மனிதன். மந்திரி முன்னாலும் பேசியிருக்கிறேன். "வரல அத்தை" என்று மட்டும் வந்தது.

"காலு முடியலியா?"

ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். அந்தக் கிழவியின் கண்ணுக்கு முன்னால் வேறு என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள்.

அத்தை வீடு ஊர் ஓரத்தில் ஓட்டு வீடு. அவர் மகன் சின்னதுரை மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். என்னைவிட இளையவர். விஷயம் கேட்டதும், "மச்சான் வந்துட்டாருன்னு ஊருக்கே சொல்லிப்புடறேன்" என்று ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அத்தை ஒரு அதட்டுப் போட்டார், நின்றார். கம்பங்களி, கருவாட்டுக் குழம்பு. களியை விழுங்க வேண்டும், மெல்லக்கூடாது என்று எனக்குப் பாடம் நடத்தினார்கள். சாப்பிடும்போது அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் இன்னும் வெங்காயத்தைப் பொறுக்கி வெளியில் வைக்கிறானா? தூக்கத்தில் பேசுகிறானா? கோபம் வந்தால் காது சிவக்குமா? எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றேன். பொய்யில்லை. உயிரோடு இருந்தபோது எல்லாம் அப்படித்தான். சின்னதுரை மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

விடிந்ததும் அத்தை குளித்து, ஈரத் தலையோடு வந்து நின்றார். "வா மருமவனே." கல்வீட்டுக்குப் போனோம். ஆட்டை அவிழ்த்து விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"எப்ப செத்தான்?"

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நேத்து நீ அந்தக் கல்லுல கைய வெக்கப் போனதுலயே தெரிஞ்சிடுச்சு. உசுரோட இருக்கறவன் மவன அனுப்புறப்ப, கல்லப் பத்திச் சொல்லாம அனுப்புவானா?"

"தெரிஞ்சேதான் ராத்திரி பூரா கேட்டீங்களா, அத்தை?"

"ஒரு பொழுது இருந்துட்டுத்தான் போவட்டுமே."

ஜப்பான்காரன் காலத்தில் காய்ச்சலில் போனதைச் சொன்னேன். என்ன கல் என்று கேட்டேன். அத்தை சொன்னார். ஊரை விட்டுத் தூரம் போகிறவன், கிளம்புகிற அன்று ஒரு கல்லை எடுத்து இந்த மூடி மேலே வைத்துவிட்டுப் போக வேண்டும். பட்டாளத்துக்குப் போனவன், சிலோனுக்குப் போனவன், இப்போது துபாய்க்குப் போனவன், எல்லோரும். திரும்பி வந்தால் அவனே இறக்க வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. அவன் வர வழியில்லை என்றால் அவன் பெற்ற பிள்ளை இறக்கலாம். கல் மேலே இருக்கிற வரைக்கும் ஆள் இருக்கிறான் என்று கணக்கு. பக்கத்து ஊர்களில் இந்த மாதிரி வீடுகளை ஜல்லிக்கு உடைத்துவிட்டார்கள். இது மட்டும் நிற்கிறது என்றால், மேலே ஊர்க்காரர் கல் இருப்பதால்தான்.

"பஸ்ஸுல ஒரு வாத்தியார் இது வூடு இல்ல, சமாதிங்கறாரு" என்றேன்.

"எனக்கும் சொன்னாரு. இருந்துட்டுப் போவுது. உசுரோட இருக்கறவன் இன்னைக்கு இருப்பான், நாளைக்குக் கப்பலேறிடுவான். செத்தவன்தான் எங்கயும் போவமாட்டான். அதான் அவங்கிட்டக் குடுத்து வெக்கறது."

பாசி பிடித்த கல்லைக் காட்டினார். "அதான் அவன் வெச்சது. நானும் கூட இருந்தேன். எட்டலன்னு என்னையத் தூக்கிக் காமிச்சான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "சாவுறப்ப ஏதாச்சும் சொன்னானா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷமும் புரியாதது. "கல்ல எறக்கிடுடான்னாரு. ரெண்டு தடவ."

அத்தை அழுவார் என்று நினைத்தேன். சிரித்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க. "மறக்கல பாரு. பய மறக்கல." பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எறக்கட்டுமா அத்தை?"

அத்தை கல்லைப் பார்த்தார். ஆடுகள் வட்டக் கற்களுக்கு நடுவே மேய்ந்துகொண்டிருந்தன. இந்தக் கல் மேலே இருக்கிற வரைக்கும் அவருக்கு ஒரு அண்ணன் இருந்தான். அதற்காகத்தான் சம்மட்டிக்காரனோடு சண்டை போட்டார். நான் கையை வைத்தால் அவ்வளவுதான். வேண்டாம் என்றால் அப்படியே திரும்பிவிட நான் தயாராக இருந்தேன்.

"அவன்தான் சொல்லிட்டானே" என்றார். "எறக்கு."

டன் டன்னாகக் கல் ஏற்றி இறக்கியவன் நான். அந்தக் கல் தேங்காய் அளவுதான். இரண்டு கையாலும் பிடித்து இறக்கினேன். கீழே, கல் இருந்த இடத்தில், மூடிப் பலகை வெளுத்து வட்டமாக இருந்தது.

இறக்கின கல்லுக்கும் ஒரு முறை உண்டு. அதை ஊருக்குள் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய், இன்னும் இரண்டு கல்லைச் சேர்த்து அடுப்புக் கூட்டி, வந்தவனுக்கு முதல் சோறு அதில்தான் ஆக்க வேண்டும். அத்தையே ஆக்கினார். பச்சரிசியும் வெல்லமும். ஒரு இலை எனக்கு, இன்னொரு இலை அண்ணனுக்கு. அந்த இலைக்கு வெங்காயம் போடாத குழம்பு தனியாக வைத்திருந்தார். சின்னதுரை அப்போது ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டார். அத்தை திட்டவில்லை. மலேயாவிலிருந்து சடையன் வீடு வந்து சேர்ந்தார் என்று சின்னதுரை மூன்று தடவை ஊருக்குச் சொன்னார். தெருவே வந்து நின்றது. நான் யார் என்று தெரியாதவர்கள்கூட என் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். என் பெயரை லாரியில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். யாரும் அதைப் படித்துவிட்டு இப்படி வந்து நின்றதில்லை.

மறுநாள் கிளம்பவேண்டியிருந்தது. பெட்டியைத் தூக்கினேன். "போயிட்டு வரேன் அத்தை" என்றேன்.

"சும்மா போயிட்டு வரேன்னா ஆச்சா? கல்லு?"

நான் தேடவில்லை. அடுப்பில் இருந்த அதே கல்லை எடுத்தேன். ஒரு பக்கம் பாசி, ஒரு பக்கம் கரி. கல்வீட்டுக்குப் போய், வெளுத்திருந்த அந்த வட்டத்திலேயே வைத்தேன். கொஞ்சம் எட்டித்தான் வைக்கவேண்டியிருந்தது.

ஊர்ப் பெயரை இதில் எழுதவில்லை. ஜல்லிக்காரர்களும் படிப்பார்கள். ராசாத்திக்கும், தோப்புக்காரருக்கும், டிரைவருக்கும், வாத்தியாருக்கும் என் கும்பிடு. ஈப்போ வந்ததும் சீனக் கூட்டாளி கேட்டார், தாத்தா சமாதியைப் பார்த்தாயா என்று. அதைவிடப் பழையதைப் பார்த்தேன் என்றேன். அடுத்த ஏப்ரலுக்கு டிக்கெட் சொல்லியாயிற்று, என் மனைவியும் வருகிறாள். தள்ளிப் போட வழியில்லை. அன்று நான் கிளம்பும்போது பஸ் வரும்வரை ரோட்டோரத்தில் நின்ற அத்தை, நான் படியில் கால் வைத்ததும் சத்தமாகச் சொன்னார்:

"சட்டுன்னு வந்து எறக்கு மருமவனே. இன்னொரு தடவ அம்புட்டு நாளு காவக்காக்க என்னால முடியாது!"